வாக்குவம் குழாய்: சுவிட்சை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் சென்ட்ரல் வாக்குவம் இருக்கிறது. குழாயைச் சுவரில் செருகிக் கைப்பிடியில் உள்ள சுவிட்சைப் போட்டால், ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் ஓடுவதில்லை. குழாயையே புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். சுவிட்சை மட்டும் மாற்ற முடியாதா?
– வாசகி, மார்க்கம், கனடா

பதில்: பல குழாய்களில் மாற்றலாம். ஆனால் பழுது சுவிட்சில்தான் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் புது சுவிட்ச் போட்டு, பிறகும் மோட்டார் ஓடாமல் கடைசியில் குழாயையும் வாங்குகிறவர்கள் உண்டு.

வட அமெரிக்க வீடுகளில் இந்த ஏற்பாட்டின் மோட்டார் பேஸ்மென்ட்டிலோ கராஜிலோ இருக்கும். அங்கிருந்து 2 அங்குல பிவிசி குழாய்கள் சுவருக்குள் ஓடுகின்றன. கூடவே மெல்லிய இரண்டு கம்பிகளும் ஓடும். அவற்றில் இருப்பது பொதுவாக 24 வோல்ட்தான். அந்த இரண்டு கம்பிகளும் ஒன்று சேர்ந்தால் மோட்டாருக்குள் இருக்கும் ரிலே 'டிக்' என்று மூடி, மோட்டார் கிளம்பும். கைப்பிடிச் சுவிட்ச் செய்வது அந்தக் கம்பிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் மட்டுமே.

ஆகவே சோதனை சுவரிலிருந்து தொடங்கட்டும். சுவர்த் துளையின் உள்விளிம்பில் எதிரெதிராக இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். இருமுனையும் சீவிய ஒரு துண்டு ஒயரால் அவற்றைத் தொட்டு இணையுங்கள். மோட்டார் ஓடினால் சுவரும் மோட்டாரும் நலம், கோளாறு குழாயில். ஒரு எச்சரிக்கை: சில சுவர்த் துளைகளில் மின் பிரஷ்ஷுக்காக 120 வோல்ட் முனைகளும் பக்கத்திலேயே இருக்கும். அவற்றில் ஒயரையோ விரலையோ நுழைக்கவே கூடாது. எது எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, வேறொரு துளையில் குழாயைச் செருகிப் பாருங்கள். எல்லாத் துளையிலும் ஒரே தொல்லை என்றால் சந்தேகம் பெரும்பாலும் குழாயின் மேல்தான்.

அடுத்தது மல்டிமீட்டர். குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, சுவரில் செருகும் முனையிலுள்ள இரண்டு தொடர்புப் புள்ளிகளிலும் மீட்டரின் முனைகளை வையுங்கள். சுவிட்ச் போட்டால் ஓம் அளவு சுழியத்தை ஒட்டி வர வேண்டும். அணைத்தால் தொடர்பே காட்டக் கூடாது. இப்போது சுவிட்சைப் போட்டபடியே விட்டு, குழாயின் இரண்டு முனைகளையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது அளவு துள்ளினால் குற்றவாளி சுவிட்ச் அல்ல, குழாயின் உறைக்குள் சுருண்டு வரும் கம்பி. அது கைப்பிடிக்கு அருகிலோ சுவர் முனைக்கு அருகிலோதான் அதிகம் ஒடிகிறது, ஏனென்றால் இழுபடுவதும் மடிவதும் அங்கேதான். "ஒரு நேரம் ஓடுகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

வளைத்தாலும் அளவு அசையாமல், சுவிட்சைத் தட்டும்போது மட்டும் வந்து வந்து போனால் சுவிட்ச்தான். கைப்பிடியின் திருகுகளைக் கழற்றுங்கள். சிலவற்றில் திருகு ஒரு சிறு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். திருகே இல்லாமல் ஒட்டி மூடிய கைப்பிடி என்றால் நெம்ப வேண்டாம், கைப்பிடியையே மாற்றுவதுதான் வழி. திறந்ததும் ஒயரைத் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சின் பித்தளைக் கால்களில் செருகியிருக்கும் கவ்விகளைக் குறட்டால் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். உறிஞ்சல் மட்டும் உள்ள சாதாரணக் குழாய் என்றால் இரண்டே கால்கள். எந்த ஒயர் எந்தக் காலில் என்ற குழப்பமே இல்லை.

மின் பிரஷ் ஓட்டும் குழாய் அப்படியல்ல. அதன் சுவிட்ச் மூன்று நிலை கொண்டது: அணைப்பு, உறிஞ்சல் மட்டும், உறிஞ்சலும் பிரஷ்ஷும். 24 வோல்ட்டும் 120 வோல்ட்டும் அதே கைப்பிடிக்குள் வருகின்றன. எல்லா இணைப்பையும் சுவரிலிருந்து கழற்றிய குழாயில் மின்சாரம் இல்லை. ஆகவே பிரிக்கும்போது ஆபத்தில்லை. ஒரு ஒயரை இடம் மாற்றிப் பூட்டிவிட்டு மறுபடி செருகும்போதுதான் ஆபத்து. அந்தக் கைப்பிடியைப் பிடிப்பவர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். மின்வேலை பழகாதவர்கள் இந்த வகைக் குழாயைப் பழுது பார்ப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

சாதாரணக் குழாய்க்குப் புது சுவிட்ச் வரும்வரை ஒரு தற்காலிக வழி உண்டு. கைப்பிடிக்குள் அந்த இரண்டு ஒயர்களையும் நேராக இணைத்து நன்றாக டேப் சுற்றுங்கள். சுவரில் செருகினால் மோட்டார் ஓடும், உருவினால் நிற்கும். சுவிட்ச் இல்லாத பழைய குழாய்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

கடைக்குப் போகும்போது பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோங்கள். கால்களின் எண்ணிக்கை, கைப்பிடித் துளையின் அளவு, சுவிட்சின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.