கொசுப்புழுவைக் கொல்லும் நுண்ணுயிரி

1976ஆம் ஆண்டு இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கொசுப்புழுக்கள் கூட்டமாக மடிந்து கிடப்பதை யோயெல் மார்கலித் என்னும் அறிவியலாளர் கண்டார். அக்குட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியாவைச் சுருக்கமாகப் பி.டி.ஐ. என்பர்.

அது கொல்லும் முறை வியப்புக்குரியது. பாக்டீரியா தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. கொசுப்புழு அதனை உணவோடு விழுங்குகிறது. பசியே அதற்குப் பகையாகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை மிகுதி. அங்கே படிகம் கரைந்து நஞ்சாகிக் குடற்சுவரைத் துளைக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் புழு மடிகிறது. மனித வயிற்றிலோ இருப்பது அமிலம். அங்கு இந்நஞ்சு செயற்படுவதில்லை. மீனுக்கும் தவளைக்கும் இதனால் கேடில்லை. டி.டி.டி. போன்ற வேதிப்பொருள்கள் அத்தகையன அல்ல; அவை உயிர்களின் கொழுப்பில் நெடுங்காலம் தங்கின. கொசுக்களும் அவற்றைத் தாங்கப் பழகின.

புதுச்சேரியில் நோய்ப்பரப்பிகளை ஆராயும் மத்திய அரசு மையம், பி.டி.ஐ.யின் உள்நாட்டு வகை ஒன்றைக் கொண்டு மருந்து உருவாக்கியுள்ளது.

குறையும் உண்டு. படிகம் நீரின் அடியில் படிந்துவிடுவதால் மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும். கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. ஆகவே அதனை இம்மருந்து கொல்லாது. பறக்கும் கொசுவையும் ஒன்றும் செய்யாது. கோடையில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தில்லி போன்ற நகரங்களில் கூலர் தொட்டியை வாரந்தோறும் கவிழ்த்துக் காயவிடச் சொல்வது இதனாலேயே.