வாடகை தராத குடித்தனம்

ஆண்டிபட்டியில் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கின்றது. உங்கள் தந்தையார் பார்க்கச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். பத்திரத்தை அவர் கவனிக்கட்டும். நீங்கள் கதவு நிலையைக் கவனியுங்கள். வாடகை தராத இன்னொரு குடித்தனமும் அங்கே இருக்கக்கூடும். அதுதான் கறையான்.

கறையானின் தோல் மெல்லியது. உடல் சிறிதாதலால், பருமனை நோக்க அதன் பரப்பு மிகுதி. உலர்ந்த காற்றில் விரைவில் நீரை இழந்து மடிந்துவிடும். அதனால்தான் மண்ணைக் குழைத்துக் கூரையிட்ட பாதை அமைத்துக்கொண்டு அதனுள் நடக்கின்றது.

இவ்வளவு வறண்ட ஊரில் சுவருக்கு ஈரம் ஏது? குளியலறைத் தண்ணீர் சுவரடியில் தேங்கினால் போதும். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 செ.மீ. உயரும்; 0.1 மி.மீ. ஆனால் 30 செ.மீ. உயரும். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகளும் அத்தகைய குழாய்களே. நுண்புழை ஏற்றத்தைத் தேர்வுக்கு மட்டும் படிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே!

இனி சோதனை. திருப்புளியின் பிடியால் நிலைக்காலை அடியிலிருந்து மேலாகத் தட்டுங்கள். திண்மையான மரம் 'டக்' என்று ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்டு மேல்தோல் மட்டும் எஞ்சிய மரம் 'பொத்' என்னும். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். நேரே அடித்தால் தெரியாத மண்பாதை, நீண்ட நிழலால் தன்னைக் காட்டிவிடும். வீட்டார் அனுமதியுடன் அப்பாதையில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். அடைபட்டிருந்தால் கறையான் உள்ளே உயிருடன் இருக்கின்றது. அடைபடாவிட்டால் போய்விட்டது என்று பொருளல்ல; வேறு பாதை பிடித்திருக்கலாம்.

கருவிகளைவிடச் சிறந்த சாட்சி, அங்கே குடியிருப்பவர். "அக்கா, மழைக்குப் பிறகு வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பியதுண்டா?" என்று கேளுங்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, சாதாரணக் கவனத்துக்கு எட்டாத பெருங்குறையை விற்பவர் தாமறிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு.

வாங்கியபின் மருந்தடிப்பது வேறொருவர் உறங்கும் வீட்டில் என்பதை மறக்கலாகாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிமருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் இறந்தனர். எலிக்கும் தானிய வண்டுக்கும் பயன்படும் பாஸ்பைடு மருந்துகள் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். வாயு, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் பரவும். கறையானுக்கு அது தேவையே இல்லை. முதலில் கசிவை அடைக்க வேண்டும். பிறகு, பயிற்சி பெற்றவர் சுவரடியில் துளையிட்டுத் திரவ மருந்தை மண்ணில் செலுத்துவார். நாளைக் குடியிருப்பவருடன் பேசி முடிவுசெய்து, பாத்திரம், தண்ணீர், தொட்டில் ஆகியவற்றை அகற்றி, அவர்கள் எப்போது திரும்பலாம் என்பதை மருந்தடிப்பவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். அருகில் கிணறு இருந்தால் அதையும் முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். மண்ணில் இறங்கும் மருந்து ஊற்றுநீரிலும் கலக்கக்கூடும்.