வெள்ளை நாரை எறியாதீர்கள்

கேள்வி: தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. மாலையில் கால் கனக்கிறது, முகமும் வாடிவிடுகிறது. ஆரஞ்சு, எலுமிச்சைச் சாறு ரத்த ஓட்டத்தைச் சீராக்குமாமே? குடிக்கலாமா, முகத்தில் தேய்க்கலாமா?
– வாசகி, திருப்பூர்

தேய்க்க வேண்டாம் சகோதரி. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பும்; கருந்திட்டு மாதக்கணக்கில் போகாது. ஆரஞ்சைச் சுளையாகவே சாப்பிடுங்கள். உரிக்கும்போது வெள்ளை நாரைப் பிய்த்து எறிகிறோமே, ஹெஸ்பெரிடின் என்ற சத்து அதில்தான் நிறைய இருக்கிறது. எலுமிச்சையிலிருந்து பிரித்தெடுத்த இந்த வகைப் பொருள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியாமல் காக்கிறது என்று ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி 1936-இலேயே எழுதினார். இன்று வெரிகோஸ் வெயினுக்கு டாக்டர்கள் தரும் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் டயோஸ்மின் 450, ஹெஸ்பெரிடின் 50. அந்த அளவு பழத்தில் கிடைக்காது என்றாலும், தினம் ஒரு ஆரஞ்சு தரும் வைட்டமின் சி, தோலைத் தாங்கும் கொலாஜன் உருவாகப் போதும். விலை அதிகமென்றால் நெல்லிக்காய் இன்னும் மேல்.

கால் கனத்துக்குப் பழத்தைவிடக் கெண்டைக்கால் தசைதான் பெரிய மருந்து. நின்ற இடத்திலேயே அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணைமேல் வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.