வைஸ்ராய் மாளிகையில் இழைத்ததா?

கேள்வி: ஜாமா மசூதிப் பக்கம் பழைய இரும்புச் சாமான் விற்கும் கடையில் இரும்பு இழைப்புளி ஒன்று வாங்கினேன். "வைஸ்ராய் மாளிகை கட்டும்போது மிஸ்திரிகள் பிடித்த ரந்தா இது" என்று சொல்லிக் கடைக்காரர் கூடுதல் விலை கேட்டார், கொடுத்துவிட்டேன். பிளேடை அமுக்கும் மூடியில் ஸ்டான்லி என்ற பெயரும், அவரை விதை வடிவில் ஓர் ஓட்டையும் இருக்கின்றன. உடம்பில் 'நம்பர் 4', 'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்துகள். உண்மையிலேயே அவ்வளவு பழசா, ஐயா?
– வாசகர், கரோல் பாக்

பதில்: இல்லை. அந்த மாளிகையின் வேலை 1929-லேயே முடிந்துவிட்டது. 1931 பிப்ரவரியில் புது டெல்லிக்குத் திறப்பு விழாவும் நடந்துவிட்டது. உங்கள் இழைப்புளி அதற்கெல்லாம் பிறகு வந்தது.

இந்த வகையில் வடிவத்தைப் பார்த்து வயது சொல்லவே முடியாது. அமெரிக்கரான லியனார்டு பெய்லி வகுத்த அமைப்பு இது. அவருடைய தொழிலை ஸ்டான்லி கம்பெனி 1869-ல் வாங்கியது. பின்னாலிருக்கும் பித்தளைத் திருகைச் சுழற்றினால் பிளேடு ஏறி இறங்கும் அந்த ஏற்பாடு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. நம் ஜலந்தர் பட்டறைகளில் வார்ப்பதும் அதே மாதிரிதான். எழுத்தைத்தான் நம்ப வேண்டும். அதிலும், அது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பது முக்கியம்.

பிளேடு தேயும், புதிது போடுவார்கள். கைப்பிடி உடையும். மூடியையும் வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டலாம். உடைந்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது பழைய சாமான் வியாபாரத்தில் சகஜம். அதனால் அவரை விதை ஓட்டையை நான் பாதி சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஸ்டான்லி அந்த ஓட்டையைக் கொண்டுவந்தது 1933-ல். அதற்கு முன்பு சாவித் துவாரம் போல இருக்கும். முழுச் சாட்சி உடம்புதான். எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால், வார்க்கும்போதே அச்சில் விழுந்த எழுத்து. பின்னால் யாரும் சேர்த்திருக்க முடியாது. ஷெஃபீல்டில் இருந்த ஜே. ஏ. சாப்மன் கம்பெனியை வாங்கி ஸ்டான்லி இங்கிலாந்தில் காலூன்றியதே 1936-37 வாக்கில்தான். அதற்கு முன்பு 'மேட் இன் இங்கிலாந்து' என்று வார்த்த ஸ்டான்லி இழைப்புளி கிடையாது.

உங்களிடம் அமெரிக்க ஸ்டான்லி இருந்திருந்தால் கடைக்காரர் கதைக்குக் கொஞ்சம் இடமுண்டு. பிளேடைக் கழற்றினால், அது சாய்ந்து நிற்கும் தாங்கிக்குப் பின்னால், உடம்பிலேயே காப்புரிமைத் தேதிகள் தெரியும். மூன்று தேதிகள் இருந்து, கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்றால், அது ஏறக்குறைய 1910-க்கும் 1918-க்கும் இடையில் செய்தது. மாளிகை வேலை நடந்த காலத்தோடு அது பொருந்தும். அந்தக் கடைக்கு மறுபடி போனால் இதைத் தேடிப் பாருங்கள்.

கதைக்காகக் கொடுத்த பணம் போனதுதான். சாமானுக்குக் கொடுத்தது வீண்போகவில்லை. நம்பர் 4 தச்சர் கையில் அதிகம் புழங்கும் அளவு. பிளேடை நன்றாகத் தீட்டினால் தேக்கில் வெங்காயச் சருகு போலச் சீவல் வரும். துரு இருந்தால் மரப்பிடிகளைக் கழற்றிவிட்டு, இரும்பை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். டெல்லி மழைக்காலத்துக்கு முன் மெல்லிசாக எண்ணெய் பூசி வையுங்கள். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது கிரைண்டரோடு வந்தால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அழிவது அந்த எழுத்துகள்தான்.