வேலையிடத்தில் உயிர் ஆபத்து: புதிதாக வந்தவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை



அகதிக் கோரிக்கை கொடுத்து, மெடிக்கல் முடித்து, வேக் பெர்மிற் கையில் கிடைத்தவுடன் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கே கெதியாய் வேலை எடுக்கலாம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பயணத்துக்குப் பட்ட கடன் இருக்கிறது, ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேஸ்மன்ற் வாடகை மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். ஆனால் "அந்த வேலையில் என்ன ஆபத்து?" என்று ஒருவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால்தான் இந்த இதழில் நாங்களாகவே அதை எடுத்து எழுதுகிறோம். சாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. வாசிக்கக் கஷ்டமாக இருந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

யோர்க் மில்ஸ் சப்வே நிலையத்தில் சுவரில் ஒரு பெரிய துணி வேலைப்பாடு தொங்குகிறது. பார்த்திருப்பீர்கள், ஏன் என்று யோசித்திருக்க மாட்டீர்கள். 1960 மார்ச் 17 அன்று, அந்த இடத்துக்குக் கிட்ட, நிலத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்குச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்த 5 இத்தாலியத் தொழிலாளர்கள் தீயிலும் புகையிலும் அகப்பட்டு இறந்தார்கள். எல்லாரும் எங்களைப்போல வந்து குடியேறிய ஆட்கள். உள்ளே தீயணைக்கும் கருவிகூட இருக்கவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் தொழில் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. இன்று உங்களுக்கு இருக்கிற உரிமைகளின் வேர் அங்கே இருக்கிறது.

சட்டம் வந்தவுடன் எல்லாம் சரிவந்துவிடவில்லை. 2009 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள். ரொறன்ரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் 13ஆவது தட்டில் பல்கனி திருத்த வேலை. தொங்குமேடையில் 6 பேர் நின்றார்கள். உயிர்காப்புக் கயிறு இரண்டுதான் இருந்தது. மேடை நடுவில் முறிந்தது. 4 பேர் இறந்தார்கள், ஒருவர் மோசமாகக் காயப்பட்டார். கயிற்றில் ஒழுங்காகக் கட்டியிருந்தவர் தப்பினார். இறந்தவர்களும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள்தான். கொம்பனிக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் 750,000 டொலர் தண்டம் விதித்தது. வேலைக்குப் பொறுப்பான மனேஜருக்கு 2016இல் மூன்றரை வருடச் சிறை. அந்த விபத்துக்குப் பிறகு நடந்த விசாரணைகளின் பலனாக, 2015 ஏப்ரலில் இருந்து கட்டட வேலையில் உயரத்தில் நிற்பவர்கள் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. உங்களை யாராவது கூரைக்கு ஏறச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது அந்தப் பயிற்சியைத்தான். 3 மீற்றருக்கு மேலே விழக்கூடிய இடத்தில் ஹார்னஸ் இல்லாமல், தடுப்பு இல்லாமல் நிற்க வைப்பது சட்டப்படி குற்றம்.

கட்டட வேலை மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில், கினி நாட்டிலிருந்து அகதியாக வந்த 23 வயதுப் பெண் ஒருவர், ரொறன்ரோவில் ஒரு பெரிய பேக்கரித் தொழிற்சாலையில் தலையில் கட்டியிருந்த துணி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். வேலை தொடங்கிக் கொஞ்ச நாள்தான். அவர் அந்தக் கொம்பனியின் நேரடித் தொழிலாளி அல்ல, ஏஜென்சி அனுப்பிய ஆள். (ஊரில் ஏஜென்சி என்றால் ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிறவர். இங்கே ஏஜென்சி என்றால் தொழிற்சாலைக்கு ஆள் பிடித்து அனுப்புகிற கொம்பனி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டிடமும் கவனமாக இருங்கள்.)

எங்கள் பெண்களுக்கு இதில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். கன்வேயர் பட்டி ஓடுகிற இடத்தில் தாலிக்கொடி, தொங்கும் தோடு, வளையல், சால்வை எதுவும் வெளியே தெரியக்கூடாது. தாலியைக் கழற்ற மனம் வராவிட்டால் சட்டைக்கு உள்ளே போட்டு கழுத்துவரை பூட்டுங்கள். தலைமயிரை வலைக்குள் விடுங்கள். ஆண்கள் கோயிலில் கட்டிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குள் கைவிடுகிறார்கள். அதுவும் இதே கதைதான். குளிருக்குப் போடும் ஹூடியின் கயிறும் அப்படியே.

ரொறன்ரோவிலுள்ள தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒன்று பல வருடங்களாகச் சொல்லிவருகிற ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் காயப்படுகிற ஆபத்து, அதே வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்பவரோடு பார்க்க மூன்று மடங்குக்கு மேல். ஏஜென்சி மூலம் போகிறவர் வருடம் முழுக்க "முதல் மாதத்திலேயே" நிற்கிறார். இந்தக் கிழமை பிளாஸ்ரிக், அடுத்த கிழமை இறைச்சி, அதற்கடுத்தது களஞ்சியம். ஒவ்வொரு இடமும் புது இயந்திரம், புது போர்க்லிப்ற் பாதை.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் நான் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். இயந்திரத்தில் துண்டு சிக்கினால் ஓட ஓடவே கையை விட்டு எடுக்கச் சொல்லி சுப்பவைசர் காட்டித் தந்தார். நிற்பாட்டினால் உற்பத்தி குறையுமாம். மூன்றாம் நாள் நான் கையை விடும்போது பக்கத்தில் நின்ற வயதான போர்த்துக்கேயர் ஓடிவந்து சிவப்புப் பட்டனை அமத்திப்போட்டு, தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவு வராது, எனக்கும் வராது. விளக்கம் தேவைப்படவில்லை. சிக்கினதை எடுக்க முதல் இயந்திரத்தை நிற்பாட்டி, மின்சாரத்தைத் துண்டித்து, மற்றவர் தவறிப் போடாதபடி பூட்டுப் போட வேண்டும் என்பது விதி என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

சட்டம் தரும் மூன்று உரிமைகள்

ஒன்று, அறியும் உரிமை. வேலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் இருந்து எல்லாத் தொழிலாளர்களுக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். காசு கேட்கக்கூடாது. விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "பயிற்சி பெற்றேன்" என்று எழுதிய தாளில்தான் அனேகமாக முதல் நாளே கையெழுத்து வாங்குவார்கள்.

இரண்டாவது, பங்குபற்றும் உரிமை. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இருப்பார். அவர் யார் என்று முதல் கிழமையே கேட்டு வையுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் ஆட்கள் பயப்படுகிறது: மறுக்கும் உரிமை. வேலை உங்களுக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் செய்யமாட்டேன் என்று சொல்லலாம். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடக்கூடாது, அது வேலையை விட்டதாக ஆகிவிடும். சுப்பவைசரிடம் நேரே சொல்லுங்கள்: "திஸ் இஸ் நொற் சேப். ஐ ஆம் ரிபியூசிங் திஸ் வேக்." இந்த இரண்டு வசனத்தையும் பாடமாக்குங்கள். பிறகு பாதுகாப்பான இடத்தில் கிட்டவே நில்லுங்கள். உங்களையும் தொழிலாளர் பிரதிநிதியையும் வைத்துக்கொண்டு அவர்கள் பார்வையிட வேண்டும். பார்த்த பிறகும் ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், தொழில் அமைச்சின் பரிசோதகரைக் கூப்பிட வேண்டும். அதே வேலைக்கு இன்னொருவரைப் போடுவதென்றால், நீங்கள் மறுத்ததையும் காரணத்தையும் அவருக்குச் சொல்லித்தான் போடலாம். இதற்காக உங்களை நிற்பாட்டுவதோ, சம்பளத்தைக் குறைப்பதோ, வெருட்டுவதோ சட்டவிரோதம்.

நோயாளிகள், முதியவர்கள் பராமரிப்பில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வரையறை உண்டு. நீங்கள் விட்டுப்போவதால் இன்னொருவரின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மறுக்க முடியாது.

"சட்டம் சரி, ஆனால் அடுத்த நாள் ஏஜென்சி கூப்பிடாதே?" என்று கேட்பீர்கள். உண்மை. அது நடக்கிறது. நடந்தால் எங்களிடம் வாங்கோ. யூனியன் இல்லாத தொழிலாளர்களுக்கு இப்படியான பழிவாங்கலில் இலவசமாக உதவ, தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் என்று ஒரு அரச அலுவலகம் இருக்கிறது. வேலை போனால் இன்னொரு வேலை தேட நாங்களும் உதவலாம்.

இன்னொரு பயம்: "முறைப்பாடு செய்தால் என்ரை கேஸ் பழுதாகுமா?" உங்கள் அகதிக் கேஸை முடிவுசெய்கிற சபை பார்ப்பது ஊரில் உங்களுக்கு உள்ள ஆபத்தை. வேலையிடத்தில் பாதுகாப்புக் கேட்டது அதற்குள் வராது. பெர்மிற் இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்கள் முதலில் தங்கள் லோயரோடு கதையுங்கள், ஆனால் காயத்தை மறைக்காதீர்கள்.

காயம் பட்டால்

ஒன்ராறியோவில் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற தொழிலாளர் காப்புறுதிச் சபை இருக்கிறது. அதற்கான காசை முதலாளிகள்தான் கட்டுகிறார்கள், உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. பிழை யாருடையது என்று அது பார்க்காது. அதன் கீழ் வருகிற தொழில் என்றால் உங்கள் குடியுரிமை நிலை தடையில்லை, முதலாளி பதியாமல் விட்டிருந்தாலும் நீங்கள் கோரலாம்.

இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சுப்பவைசர் சொல்லுவார், "வீட்டில் விழுந்தது என்று சொல்லு, சம்பளத்தை நான் தாறன்." சொல்லாதீர்கள். வேலையில் நடந்தது என்று டொக்டரிடம் சொன்னால் அவர் தன் அறிக்கையைச் சபைக்கு அனுப்புவார். பொய் சொன்னால் அந்தப் பொய் ஆஸ்பத்திரிப் பதிவில் நிற்கும், சுப்பவைசரின் வாக்கு நிற்காது. நீங்கள் உங்கள் படிவத்தை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். திகதி, நேரம், யார் பார்த்தார்கள், எந்த இயந்திரம் என்பதை அன்றைக்கே தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒருவர் இறந்துபோனால்

இதை எழுதாமல் விட மனம் இடம்கொடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கதவைப் பூட்டப்போகும் நேரத்தில் ஒருவர் வந்தார். தம்பி வேலையில் விழுந்து இறந்து 8 மாதம். செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி எல்லாம் ஊர்ச்சனம் காசு சேர்த்துச் செய்தது. ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். "அண்ணை, அவைக்கு ஏதும் கிடைக்குமோ?" என்று கேட்டார். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொம்பனி ஒரு பூவளையம் அனுப்பியிருந்தது.

இறந்தவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சபை கொடுப்பனவு தருகிறது. இறுதிச் சடங்குச் செலவு தருகிறது, உடலைத் தூர இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்தச் செலவும் கோரலாம். கேட்பதற்கான காலம் இறந்த நாளிலிருந்து 6 மாதம். அந்தத் தம்பியின் குடும்பத்துக்காக, ஏன் பிந்தியது என்று விளக்கிக் கால நீடிப்புக் கேட்டு எழுதினோம், கிடைத்தது. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று இருக்க வேண்டாம். மனைவி ஊரில் இருக்கிறா என்பதற்காகவும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை இப்போதே எடுத்து வைத்திருங்கள். தனிய வந்திருக்கிற ஒவ்வொருவரும் தன் முதலாளி யார், ஏஜென்சியின் பெயர் என்ன என்பதை அறையில் இருக்கிற ஒருவருக்காவது சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தம்பியின் அண்ணருக்கு கொம்பனியின் பெயரே சரியாகத் தெரியாது.

விபத்து நடந்த இடத்தைப் பரிசோதகர் அனுமதிக்கும்வரை துப்புரவாக்கக்கூடாது, உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும்தான் தொடலாம். "கழுவி விடு" என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். மரண விசாரணை அதிகாரி உடலைப் பொறுப்பேற்பார். பிரேத பரிசோதனை என்றால் உடல் கிடைக்க நாளாகலாம். ஊருக்கு அறிவிக்கும்போது தாய்க்குப் போனில் நேரே சொல்லாமல், பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய ஒருவரை முதலில் பிடியுங்கள்.

பக்கத்தில் நின்று பார்த்தவர்களை நாங்கள் மறந்துவிடுகிறோம். நித்திரை வராது, அந்தச் சத்தம் காதில் கேட்கும், வேலை வாசலுக்குப் போனால் கை நடுங்கும். எங்கள் ஆட்களுக்கு இதோடு ஊரில் பார்த்த பழைய சாவுகளும் எழும்பி வரும். "செல்லடிக்குள்ளாலை வந்தனாங்கள், இது என்ன" என்று சொல்லிக்கொண்டு போத்திலைத் திறக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். இது பைத்தியம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. டொக்டரிடம் சொல்லுங்கள். வேலையில் கண்ட பயங்கரத்தால் வந்த மனப் பாதிப்புக்கும் சபையிடம் கோரலாம். இறந்தவரின் துணைவரும் பிள்ளைகளும் ஒரு வருடத்துக்குள் கேட்டால் துயர ஆலோசனையும் கிடைக்கும்.

ஒவ்வொரு ஏப்ரல் 28ஆம் திகதியும் கனடா முழுவதும் வேலையில் இறந்தவர்களை நினைவுகூருகிறார்கள். ரொறன்ரோவில் புரொண்ட் தெருவிலுள்ள சிம்கோ பூங்காவில் வேலையில் இறந்த 100 பேருக்கு ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. யாரையாவது இழந்தவர்கள் ஒருக்கால் போய்ப் பாருங்கள். தனியப் போக விருப்பம் இல்லாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

கீழே உள்ள இலக்கங்களை வெட்டிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வையுங்கள். உயிராபத்து என்றால் 911. தொழில் அமைச்சின் பாதுகாப்பு முறைப்பாடு 1-877-202-0008. டபிள்யூ.எஸ்.ஐ.பி. 1-800-387-0750. எடுத்தவுடன் "தமிழ் இன்ரப்பிரிற்றர் பிளீஸ்" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் நில்லுங்கள்.