மூன்றாம் நாள் உதிர்ந்த புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. மோலி மீனைத் தனித்தொட்டியில், அதாவது குவாரண்டைன் தொட்டியில், விட்டாய். மூன்றாம் நாள் வெள்ளைப் புள்ளிகள் உதிர்ந்தன. குணமாகிவிட்டது என்று பெரிய தொட்டிக்கே திருப்பினாய். இப்போது எல்லா மீன்மேலும் புள்ளி. 'மருந்து போலியா சார்?' என்கிறாய். மருந்தின்மேல் பழி போடாதே. புள்ளி உதிர்ந்தால் நோய் போயிற்று என்கிற நினைப்புதான் போலி. இதைப் பலரிடம் சொல்லி அலுத்துவிட்டேன். உனக்காக இன்னொரு முறை.

ஒவ்வொரு புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்னும் ஒற்றைச் செல் உயிர். 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல் கிரேக்கம்: மீன் பேன். அடுத்தது லத்தீன்: பிள்ளைகள் மிகுந்தது. நோயின் கதை முழுக்க அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தின்று கொழுத்ததும் அது தானாக மீனைவிட்டு இறங்கிவிடும். நீ குணம் என்று பார்த்தது அதைத்தான். இறங்கியது கூழாங்கல்லில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் குறுகிய நேரத்தில்தான் உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். தோலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் அவை பத்திரமாக இருக்கும். 25 டிகிரியில் இந்தச் சுற்று முடிய 3 முதல் 6 நாள். தண்ணீர் குளிரக் குளிர நாள் நீளும்.

சென்ற மழைக்காலம் முழுக்கக் கொள்ளைநோய்களின் வரலாறு படித்தேன். இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா நகரம், 1377இல், நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. பின்னால் அது 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் குவாரண்டைன் வந்தது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது நாள் கணக்கு, தம்பி. நீ தொட்டியை வாங்கினாய், நாளை எண்ணவில்லை.

இனி செய்ய வேண்டியது. எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்று. அடியில் கல், மணல் எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். வெறும் தரையாக இருந்தால்தான் கூடுகளைத் தினமும் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். பெரிய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே தூக்கி இங்கே போடு. புது ஸ்பாஞ்சில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. நோயில் தப்பிய மீன் அமோனியாவில் சாகும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடு, மருந்தை அது இழுத்துக்கொள்ளும்.

லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. 60 × 30 × 30 செ.மீ. தொட்டி 54 லிட்டர் என்று கணக்கில் வரும். விளிம்புவரை யார் நிரப்புகிறார்கள்? வாளியால் அளந்து ஊற்று. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்று; மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு சேர்.

கடைசிப் புள்ளி உதிர்ந்த நாளைக் காலண்டரில் குறி. அதிலிருந்து 14 நாள். அதுவரை பெரிய தொட்டியில் ஒரு மீனும் இருக்கக்கூடாது. மீன் கிடைக்காத குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

நீ அனுப்பிய படத்தில் இரண்டு தொட்டிக்கும் நடுவே ஒரே பச்சை வலை ஈரத்தோடு தொங்குகிறது. இன்றே இன்னொரு வலை வாங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்