மெனுவில் இரண்டு பிளஸ்

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கிளையன்ட் இருவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 2024ஆம் ஆண்டு. மெரினா பே பக்கம் ஒரு பெரிய உணவகம். செட் லஞ்ச் 68 வெள்ளி, மூன்று பேருக்கு 204. மேனேஜர் 220 வரை அனுமதி கொடுத்திருந்தார். சமாளித்துவிடலாம் என்று போனேன். பில் 273 வெள்ளி 37 காசு.

விலைக்குப் பக்கத்தில் பொடியாக ++ என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் பிளஸ், 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது, அதையும் சேர்த்து வரும் தொகையின் மேல் ஜிஎஸ்டி. 2022 வரை 7 விழுக்காடாக இருந்த அந்த வரி 2023இல் 8 ஆகி, 2024 முதல் 9. ஆக, மெனுவில் 100 என்றால் உங்கள் கார்டில் போவது 119 வெள்ளி 90 காசு. மனக்கணக்குக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், போதும். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

மீதி எங்கே போனது? தண்ணீரில். “ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?” என்று பரிமாறுபவர் கேட்டதும் “ஸ்டில்” என்று மிடுக்காகச் சொன்னது நான்தான். பாட்டில் 12 வெள்ளி, இரண்டு பாட்டில். சீன உணவகம் என்றால் இன்னொன்றும் உண்டு: உட்கார்ந்ததும் தட்டில் வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பல இடங்களில் காசு போடுவார்கள். வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இடம் பிடிப்பதற்கு வருவோம். லாவ் பா சாட் உணவங்காடியில் மேஜைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தாலே இடம் உங்களுடையது. அதற்கு இங்கே ‘சோப்’ என்று பெயர். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் பெரிய உணவகங்களில் அது நடக்காது. முன்பதிவின்போதே கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்பார்கள். சொல்லாமல் வராவிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்பதை அப்போதே படித்துவிடுங்கள்.

மேஜையை 12 மணிக்குச் சொல்லுங்கள். பன்னிரண்டரைக்கு ராஃபிள்ஸ் பிளேஸில் லிஃப்டுக்கே வரிசை நிற்கும். பங்குத் தரகர்கள் வருவதாக இருந்தால் இன்னும் முக்கியம்: சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2017இல் மதிய இடைவேளையைத் திரும்பக் கொண்டுவந்தது, 12 முதல் 1 வரை. அவர்கள் மனசு நிம்மதியாக இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதனால்தான் அறுபது எழுபது மாடி உயரத்தில் கடலைப் பார்த்துச் சாப்பிடும் இடங்களை முதல் சந்திப்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு லிஃப்ட் மாறி ஏறி இறங்கவே கால் மணி நேரம் போய்விடும்; போதாததற்கு வந்தவர் உங்களைப் பார்க்க மாட்டார், கப்பலைத்தான் பார்ப்பார்.

என்ன சாப்பிடுவார்கள் என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் இந்துக்கள் மட்டும் அல்லர். குவான் யின்னை வணங்கும் சீனர்களில் பலரும் தொட மாட்டார்கள். முஸ்லிம் விருந்தினர் என்றால் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். மது விற்கும் உணவகங்களுக்கு அது கிடைக்காது. சைவம் என்றால் “வெஜிடேரியன்” என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். ஜப்பானியச் சமையலில் காய்கறிக் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் சாறே மீனில் எடுத்ததாக இருக்கும். முன்பதிவிலேயே “மீன் சாறு, சிப்பி சாஸ் கூடாது” என்று எழுதிவிட்டால் சமையல்காரருக்கும் நல்லது.

நம் ஊர்ச் சாப்பாடு அலுவல் விருந்துக்கு எடுபடாது என்ற கூச்சம் பலருக்கு உண்டு. மலேசியாவில் பிறந்த மனோ தேவர் கியோங் செய்க் சாலையில் 2018இல் திறந்த ‘தேவர்’ இந்திய உணவகம், 2022இல் இரண்டாவது மிஷலின் நட்சத்திரத்தை வாங்கிவிட்டது. கூச்சத்துக்கு இனி இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. டெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்த்தரப்பை விருந்துக்கு அழைக்காதீர்கள். இங்குள்ள ஊழல் தடுப்புச் சட்டம் 1960இலிருந்து இருப்பது, தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒரு சாப்பாடு லஞ்சம் ஆகிவிடாதுதான். ஆனால் வங்கிக்காரர்கள் அதைக்கூட அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். “உங்கள் ஆபிஸ் விதி என்ன?” என்று கேட்பது மரியாதைக் குறைவே அல்ல.

விருந்து நாளன்று பத்து நிமிடம் முன்னால் போங்கள். கார்டை வரவேற்பில் கொடுத்து, பில் மேஜைக்கு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். பில்லுக்கு யார் கை நீட்டுவது என்ற இழுபறியே இருக்காது. வாசலைப் பார்த்த இருக்கையை மூத்த விருந்தினருக்கு விடுங்கள், பெயரட்டையை இரண்டு கையாலும் கொடுங்கள். நீங்கள் மது அருந்தாதவர் என்றால் காரணம் சொல்ல வேண்டாம். லைம் சோடா கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். வேலை விஷயத்தை மெயின் கோர்ஸ் தட்டு எடுக்கப்பட்ட பிறகு தொடங்கினால் போதும்.

திரும்பி வந்ததும் ஐட்டம் வாரியான பில்லை ஃபோனில் படம் எடுத்து, யார் யார் வந்தார்கள் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். அந்தத் தாளில் மை மாதக் கடைசி வரை நிற்காது. என் 273 வெள்ளியில் ஐம்பத்து மூன்றை என்னால் திரும்ப வாங்கவே முடியவில்லை.